மாடிப்படிச் சுவருக்குப் பதில் ஒரு கைப்பிடி

விடுமுறைக்கு ஊர் போகும் நம்மில் பலர், பெற்றோர் இருக்கும் வீட்டில் ஏதாவது ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்ப விமானம் ஏறுகிறோம். சிலர் குளியலறையைச் சரி செய்வார்கள், சிலர் இன்வெர்ட்டர் வைப்பார்கள். என் பங்குக்கு வந்தது மாடிப்படி.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி. வீட்டில் படியின் ஒரு பக்கம் வெளிச்சுவர். மறுபக்கம், கூடத்துக்கும் படிக்கும் நடுவே மேல்தளம் வரை எழுப்பிய நாலரை அங்குலச் சுவர். பட்டப்பகலிலும் அங்கே விளக்குப் போட வேண்டும். அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. வடகம் காயப்போட மாடிக்குப் போகாதீங்க என்றால் கேட்கிற ஆளில்லை. சுவரின் நடுப்பகுதியை எடுத்துக் கைப்பிடி வைத்தால் கூடத்து ஜன்னல் வெளிச்சம் படியில் விழும் என்றேன். "வந்த பத்து நாள்ல சுவத்தை இடிக்கணுமா கண்ணு?" என்றார்.

இடிப்பது அரை நாள் வேலை. எதை இடிக்கிறோம் என்று தெரிந்துகொள்வதுதான் பெரிது. எங்கள் பக்கம் கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். சுவர்களில் விரிசல் சகஜம். பூச்சோடு நிற்கும் விரிசல் எது, செங்கல்லையே பிளந்தது எது என்று மேஸ்திரி தட்டிப் பார்த்தார். பிறகு லேண்டிங் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தார். எங்கள் வீட்டில் அது பின்பக்கத்து ஒன்பது அங்குலச் சுவரில் இருந்தது. நடுச்சுவர் பாரம் தாங்கும் சுவர் அல்ல, தளம் போட்ட பிறகு எழுப்பிய மறைப்பு. லேண்டிங்கோ உத்தரமோ அதில் உட்கார்ந்திருந்தால், பொறியாளர் ஒருவர் வந்து பார்க்கும்வரை கை வைத்திருக்க மாட்டோம். சுவருக்குள் போன மின்கம்பியை முதலில் மாற்றினோம். சம்மட்டியால் அடிக்காமல், கட்டரால் இரு பக்கமும் கோடு கீறி, மேலிருந்து ஒவ்வொரு வரியாகச் செங்கல்லை எடுத்தார்கள்.

அடுத்தது கைப்பிடி. "ஒவ்வொரு காலுக்கும் நாலு ஆங்கர் போல்ட் போட்டா ஆனை சாஞ்சாலும் நிக்குங்க" என்றார் வெல்டர். நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கைப்பிடி 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க வீட்டுக் கட்டட விதி. ஒருவர் தடுமாறிச் சாய்ந்தால் அவ்வளவு வரும். கைப்பிடி 36 அங்குல உயரம். அடித்தகட்டின் வெளி விளிம்பிலிருந்து உள்பக்க போல்ட் 3 அங்குலத்தில் இருக்கிறது. கடப்பாரையால் கல்லை நெம்புவது போலத்தான்: விசை பன்னிரண்டு மடங்காகி, உள்பக்கத்து இரண்டு போல்ட்டையும் சேர்த்து 1080 கிலோ மேலே இழுக்கும். பைப் எவ்வளவு கனமானாலும் கால் பிடுங்கிக்கொண்டால் என்ன பயன்?

அந்த போல்ட் எதைப் பிடித்திருக்கிறது? நம் ஊர் வீடுகளில் சாய்வான காங்கிரீட் பலகைக்கு மேல் படிகளைச் செங்கல்லால் கட்டிப் பூசுவது வழக்கம். படியின் மேல் துளை போட்டால் ஆணி செங்கல்லில்தான் நிற்கும். விரியும் ஆங்கர் போல்ட் செங்கல்லை, அதுவும் ஓரத்தில், பிளந்துவிடும். பூச்சுக்கோ பலமே கிடையாது. ஆகவே கால் வரும் இடங்களில் மட்டும் படியின் செங்கல்லை எடுத்து, அடியில் உள்ள காங்கிரீட் தெரியச் செய்தோம். ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி, கம்பியில் படாமல் மறுபக்கம் வரை துளை போட்டு, கீழே ஒரு தகடு கொடுத்து நட்டு முடுக்கினார் வெல்டர். பிறகு காலைச் சுற்றிக் காங்கிரீட் நிரப்பி ஒரு வாரம் ஈரச்சாக்கு. அதுவரை யாரும் அதில் கை வைக்கக் கூடாதென்று குறுக்கே கயிறு கட்டினோம். பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு அந்தக் கயிறே விளையாட்டானது வேறு கதை.

மற்ற அளவுகளில் சிரமம் இல்லை. கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகள் கேட்கும் குறைந்த உயரம் 90 செ.மீ.; எங்களுடையது அதைவிடச் சற்றே கூடுதல். குழந்தையின் தலை நுழையாதபடி நேர்க்கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்குள் இடைவெளி. ஏறி விளையாட ஏணியாகிவிடும் என்பதால் குறுக்குக் கம்பி வேண்டாமென்றேன். அழகுக்காக வெல்டர் காட்டிய அகலச் சதுரப் பைப்பையும் ஒதுக்கினேன். வயதானவர் விரல்கள் சுற்றிப் பிடிக்க ஒன்றரை அங்குல உருண்டைப் பைப்தான் சரி. கடைசிப் படி முடிந்தும் ஒரு அடி தூரம் கைப்பிடி நீள வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் தவறுவது அங்கேதான்.

வண்ணம் அடிக்குமுன் நானும் மேஸ்திரியும் சேர்ந்து சாய்ந்து, உலுக்கிப் பார்த்தோம். அசையவில்லை. ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு, மேலே பச்சை எனாமல். பச்சை அம்மா சொன்னது.