அன்று நோக்கியா... இன்று ஐபோன்! ஜனங்க போனை மாத்துனா ஸ்ரீபெரும்புதூர் ஏன் ஆட்டம் காணுது?

ஸ்ரீபெரும்புதூர்:

போன் மாற்றுவது அவரவர் இஷ்டம். பழசு அலுத்துப் போனால் புதுசு வாங்குகிறோம். ஸ்கிரீன் சின்னதாக இருந்தால் பெரிசு தேடுகிறோம். ஆனால் கோடிக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் மனசு மாறினால் எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் லைன் நின்று போகும். அந்தக் கஷ்டத்தை நேரில் பார்த்த ஊர் ஸ்ரீபெரும்புதூர்.

2014-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி இங்குள்ள நோக்கியா தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது. இப்போது அதே பெங்களூர் நெடுஞ்சாலையில், கொஞ்ச தூரம் தள்ளி சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாராகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் சோறு. அன்றைக்கு நடந்தது மறுபடியும் நடக்குமா?

வரி பிரச்சினை மட்டும்தானா?

நோக்கியா ஏன் மூடப்பட்டது என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில், வரி பிரச்சினை. அது உண்மைதான். 2013 ஜனவரியில் வருமான வரித்துறை அதிகாரிகள் தொழிற்சாலையில் சோதனை போட்டார்கள். போனுக்குள் ஏற்றும் சாப்ட்வேருக்காக பின்லாந்து தலைமை நிறுவனத்துக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று சுமார் 2 ஆயிரம் கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்தது. தமிழக அரசும் தன் பங்குக்கு 2,400 கோடி கேட்டது. ஏற்றுமதி என்று கணக்கு காட்டிய போன்கள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்பது அரசு வாதம். இல்லவே இல்லை என்றது நோக்கியா.

இதற்கு நடுவே நோக்கியா தன் செல்போன் தொழிலையே மைக்ரோசாப்டுக்கு விற்றுவிட்டது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது, கோர்ட்டு வழக்கில் மாட்டியிருந்த ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை கை மாறவில்லை. சில மாதம் மைக்ரோசாப்டுக்கு கான்ட்ராக்ட் முறையில் போன் செய்து கொடுத்தார்கள். மைக்ரோசாப்ட் ஆர்டரை நிறுத்தியதும் கதை முடிந்தது.

ஆனால் இந்த வரி வழக்கே இல்லாத ஊர்களில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஹங்கேரி நாட்டில் கோமாரோம் என்று ஒரு ஊர். அங்கேயும் பெரிய நோக்கியா தொழிற்சாலை இருந்தது. அது மைக்ரோசாப்ட் கைக்கே போனது. அதை மூடப்போவதாக 2014 ஜூலையிலேயே அறிவித்துவிட்டார்கள். 2015-ல் சீனாவின் பெய்ஜிங், டோங்குவான் தொழிற்சாலைகளுக்கும் பூட்டு விழுந்தது. நோக்கியாவை வாங்கிய வகையில் 760 கோடி டாலர் போச்சு என்று 2015 ஜூலையில் மைக்ரோசாப்ட்டே கணக்கு எழுதியது.

ஆக, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை வேறு முதலாளி கைக்குப் போவதைத் தடுத்தது வரி வழக்கு. ஆர்டர் வற்றிப் போனதற்குக் காரணம் வேறு. அது கடைக்குப் போய் போன் வாங்குகிற ஜனங்கள்.

ஒரே சார்ஜர்... ஒரே கம்பெனி!

இங்கே நோக்கியா உற்பத்தி ஆரம்பித்தது 2006 ஜனவரியில். உச்சத்தில் நேரடி வேலையில் மட்டும் சுமார் 8 ஆயிரம் பேர். பெரும்பாலும் பெண்கள். இங்கிருந்து போன போன்கள் 50 கோடிக்கும் மேல்.

அப்போது ஜனங்களுக்கு நோக்கியா மேல் அப்படி ஒரு பிடிப்பு. கீழே விழுந்தால் உடையாது, சார்ஜ் நிற்கும், டார்ச் எரியும் என்பதெல்லாம் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் பழக்கம். எந்தப் பட்டனை அழுத்தினால் எஸ்.எம்.எஸ். போகும் என்று விரலுக்கே தெரியும். பக்கத்து வீட்டிலும் அதே மெல்லிசு பின் சார்ஜர். வேறு கம்பெனிக்குப் போனால் எல்லாத்தையும் முதலிலிருந்து கத்துக்கணும். அதனால் இரண்டாவது போனும் நோக்கியா, மூன்றாவதும் நோக்கியா. உலக அளவில் 14 வருஷம் நம்பர் ஒன் இடத்தில் இருந்த கம்பெனி அது. 2012-ல்தான் சாம்சங் முந்தியது.

அந்தப் பழக்கத்தை உடைத்தது நோக்கியாவேதான். 2007-ல் ஐபோன் வந்தது, அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டு போன் வந்தது. நோக்கியா தன்னுடைய சிம்பியன் சாப்ட்வேரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் 2011 பிப்ரவரியில், இனிமேல் மைக்ரோசாப்டின் விண்டோஸ் போன் சாப்ட்வேர்தான் என்று அறிவித்தது. லூமியா போன்கள் வந்தன. பார்க்க அழகு. ஆனால் உள்ளே திறந்தால் பழைய நோக்கியா மாதிரி எதுவுமே இல்லை. ஆப்களும் ரொம்ப கம்மி. எப்படியும் புதுசாகத்தான் கத்துக்கணும் என்றால், ஊரெல்லாம் வைத்திருக்கிற ஆண்ட்ராய்டையே கத்துக்கலாமே என்று ஜனங்கள் நகர்ந்துவிட்டார்கள். இரண்டு சிம் போடுகிற போனிலும் நோக்கியா லேட். மைக்ரோமேக்ஸ், கார்பன் மாதிரி கம்பெனிகள் அந்தச் சந்தையை முன்னாடியே வளைத்துப் போட்டுவிட்டன.

ஸ்கிரீன் பெரிசான கதை

ஸ்கிரீன் இத்தனை இஞ்ச் என்று கடையில் சொல்வது அகலமும் இல்லை, உயரமும் இல்லை. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளக்கிற அளவு. பழைய டார்ச் போன் ஸ்கிரீன் ஒரு தீப்பெட்டி அளவுகூட வராது. முதல் ஐபோன் மூன்றரை இஞ்ச். அதுவே அன்றைக்குப் பெரிசு.

கைக்குள் அடங்காத போனை யாரும் வாங்கப் போவதில்லை என்று 2010-ல் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் கிண்டலடித்தார். மறு வருஷமே சாம்சங் 5.3 இஞ்சில் கேலக்ஸி நோட் கொண்டுவந்தது. என்னடா இது, காதில் சிலேட்டை வைத்த மாதிரி இருக்கு என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களே அப்புறம் வாங்கினார்கள். நம்ம நாட்டில் சாதாரண ஜனத்துக்கு இதைக் கொண்டுவந்தது மைக்ரோமேக்ஸ். 2012-ல் 5 இஞ்ச் கேன்வாஸ் 2 போனை 10 ஆயிரம் ரூபாய்க்குள் கொடுத்தது.

ஆப்பிளும் இறங்கி வந்தது. 2014 செப்டம்பரில் 4.7 இஞ்சிலும் 5.5 இஞ்சிலும் ஐபோன் 6 வரிசையை விட்டது. முதல் மூன்று நாளில் ஒரு கோடி போன் விற்றதாக அறிவித்தது. சரியாக அந்த வாரங்களில்தான் இங்கே நோக்கியா தொழிலாளர்கள் கடைசி ஷிப்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து நெட் விலை அடியோடு சரிந்தபிறகு சின்ன ஸ்கிரீனுக்கு மதிப்பே போய்விட்டது. சினிமா, கிரிக்கெட் எல்லாம் போனிலேயே. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண்களுக்கு அம்மா முகத்தைப் பார்க்க வீடியோ கால்தான் வழி. அதுக்கு தீப்பெட்டி ஸ்கிரீன் ஆகுமா? 2020, 2021 ஆண்டுகளில் ஆப்பிள் 5.4 இஞ்சில் மினி ஐபோன் விட்டுப் பார்த்தது. எதிர்பார்த்த விற்பனை இல்லை. நிறுத்திவிட்டது.

வேலை போனவர்கள்

நோக்கியாவில் 2014-ல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பணம் வாங்கிக்கொண்டு வெளியேறியவர்கள் மட்டும் 5 ஆயிரம் பேருக்கு மேல். பேருதான் விருப்ப ஓய்வு. இருபது வயசுகளில் இருக்கிற பெண்ணுக்கு என்ன விருப்ப ஓய்வு? அதே வளாகத்தில் நோக்கியாவை நம்பி இருந்த பாக்ஸ்கானும் அந்த டிசம்பர் 24-ந் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அங்கேயும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

தப்பித்த ஒரு கம்பெனியும் உண்டு. சால்காம்ப். அதுவும் பின்லாந்து கம்பெனிதான். நோக்கியா வளாகத்துக்குள் சார்ஜர் செய்தது. யார் போன் விற்றாலும் சார்ஜர் வேணுமே! பூட்டிக் கிடந்த அந்த நோக்கியா தொழிற்சாலையை 2019-ல் வாங்கியதும் இதே சால்காம்ப்தான். இப்போது அது ஆப்பிளுக்குச் சார்ஜர் செய்கிறது.

மாத்துறது ஏன் கஷ்டம்?

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ, அங்கிருந்து இங்கேயோ மாறுவது வீடு காலி பண்ணுகிற மாதிரி. கூகுள் கணக்கில் சேமித்த நம்பர்கள், போட்டோக்கள் சுலபமாக வந்துவிடும். வாட்ஸ்அப்தான் வம்பு. ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவில் ஏற்றி வைத்த பேக்கப் ஐபோனில் இறங்காது. 2022 முதல் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் மூலம் பழைய மெசேஜ்களைக் கொண்டுபோகலாம். ஆனால் ஐபோனைப் புதுசாக ஆன் செய்கிறபோதே அதைச் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் எல்லாத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கணும். காசு கொடுத்து வாங்கிய ஆப் கூட வராது, மறுபடியும் காசு. ஜிபே, போன்பே எல்லாம் சிம்மைப் போட்டு திரும்பப் பதிவு செய்ய வேண்டும். 2023-ல் ஐபோன் 15 வந்தபிறகு சார்ஜர் வயர் மட்டும் இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது.

இந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் இருக்கிற இடத்திலேயே இருந்துவிடுகிறார்கள். கம்பெனிகளுக்கும் அதுதான் வேணும்.

இங்கே தயாரிப்பு... அமெரிக்காவில் விசுவாசம்!

வேடிக்கை என்னவென்றால், ஐபோன் செய்கிற பெண்களில் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களில் 10-ல் 9 பேருக்கு மேல் அப்படித்தான். ஒரு புது ஐபோன் விலை பல மாதச் சம்பளம். இங்கே தயாராகிற ஐபோனில் பெரும்பகுதி கப்பலிலும் விமானத்திலும் வெளிநாடு போகிறது. முக்கியமாக அமெரிக்காவுக்கு.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஐபோன்காரர்கள். நம்மைப் போல வாட்ஸ்அப் இல்லாமல், போனோடு வருகிற மெசேஜிலேயே பேசுபவர்கள் அதிகம். ஐபோனுக்கு ஐபோன் அனுப்பினால் நீலக் கலரில் வரும், ஆண்ட்ராய்டுக்கு அனுப்பினால் பச்சை. பச்சை வந்தால் பள்ளிக்கூடப் பசங்க கேலி பேசுகிறார்கள். அதனாலேயே அடுத்த போனும் ஐபோன். வேறு போனுக்குப் போக விடாமல் ஆப்பிள் ஜனங்களை மடக்கி வைத்திருக்கிறது என்று 2024 மார்ச்சில் அமெரிக்க அரசே வழக்கு போட்டது. ஆப்பிள் மறுத்தது. ஆனால் அதே வருஷம் செப்டம்பரில் இரண்டு வகை போனுக்கும் நடுவே போட்டோ, வீடியோ தெளிவாகப் போகிற புது மெசேஜ் முறையை ஐபோனில் சேர்த்தது.

அமெரிக்காவில் ஒரு பையனுக்கு நீலமா பச்சையா என்பதில் நமக்கு என்ன? அந்த நீலத்தில்தான் சுங்குவார்சத்திரத்து ஓவர்டைம் இருக்கிறது.

அப்போ நோக்கியா கதி வருமா?

ஒரு வித்தியாசம் இருக்கிறது. நோக்கியா தன் தொழிற்சாலையில் தன் போனை மட்டும் செய்தது. பாக்ஸ்கான் அப்படி இல்லை, கான்ட்ராக்ட் கம்பெனி. 2014-ல் மூடிய அதே பாக்ஸ்கான் பிறகு வேறு கம்பெனி போன்களோடு திரும்பி வந்தது. 2019-ல் இங்கே ஐபோன் எக்ஸ்ஆர், 2022-ல் ஐபோன் 14, 2024-ல் விலை அதிகமான புரோ மாடல் என்று படிப்படியாக ஏறியிருக்கிறது. செங்கல்பட்டு மகேந்திரா சிட்டியில் பெகட்ரான் தொடங்கிய ஐபோன் தொழிற்சாலையின் பெரும்பங்கு 2025-ல் டாடா கைக்குப் போனது.

இன்னொன்று, பேர் பெரிசாக இருப்பதில் தொழிலாளிக்கும் ஒரு லாபம். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் விடுதிச் சாப்பாட்டில் 250-க்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டு, நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். உலகம் பூரா செய்தி ஆனது. ஐபோன் பேர் கெட்டுவிடுமே! விடுதி தரமில்லை என்று ஒப்புக்கொண்டு அந்த ஆலையையே கண்காணிப்பில் வைத்தது ஆப்பிள். 2022 ஜனவரி 12-ந் தேதிதான் ஆலை திரும்பத் திறந்தது. பேர் தெரியாத கம்பெனிக்குச் செய்திருந்தால் இவ்வளவு நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய விடுதியை 2024 ஆகஸ்டில் முதல்-அமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார். 18,720 பெண்கள் தங்கலாம். அத்தனை கட்டிலும் இன்றைக்கு ஒரே பிராண்டை நம்பித்தான் இருக்கிறது. (இங்குள்ள சாம்சங் ஆலையில் போன் செய்வதில்லை. டி.வி., பிரிட்ஜ், வாஷிங் மெஷின்தான். சாம்சங் போன் தயாராவது நொய்டாவில்.)

ஐபோன் புது மாடல் வழக்கமாக செப்டம்பரில் வரும். அதற்கு முந்தைய மாதங்களில் ஆள் எடுப்பு சூடு பிடிக்கும், வேன்கள் கூடும். தீபாவளி, கிறிஸ்துமஸ் விற்பனை முடிந்தால் குறையும். அமெரிக்காக்காரர்கள் போனை மாற்றுகிறார்களா, இருக்கிறதையே இன்னொரு வருஷம் ஓட்டுகிறார்களா என்பது இங்கே முதலில் தெரிவது கான்ட்ராக்ட் ஆட்களுக்குத்தான். அடுத்த மாத ஷிப்ட் லிஸ்டில் பேர் இருக்காது.