இறைப்பு இயந்திரத்திற் கேட்கும் தட்டொலி

தொண்டைமானாறு முதலிய வடமராட்சிக் கிராமங்களில் வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்கள் கிணற்று நீரையே நம்பியுள்ளன. பங்குக் கிணறாயின், தனது முறை தவறினால் அடுத்த முறைவரை பயிர் வாடும். இதனால், இயந்திரத்திற் 'கடகட' வென்ற ஒலி எழுந்தபோதிலும், எஞ்சிய பாத்திகளுக்கும் நீர் பாய்ந்து முடியட்டும் என்று கமக்காரர் அதனை ஓடவிடுவதுண்டு. சில ஒலிகளுக்கு இது பொருந்தும். வேறு சிலவற்றுக்கு, கால் மணி நேர ஓட்டமே இயந்திரத்தை அழித்துவிடும். ஆகையால் ஒலியின் வகையறிதல் இன்றியமையாதது.

முதலிற் செய்யவேண்டியது

இயந்திரத்தை நிறுத்தி, அதனைத் தாங்கும் சட்டம், புகைக்குழாய், மூடிகள் ஆகியவற்றின் ஆணிகளும் சுரைகளும் இறுக்கமாயுள்ளனவா என்று பார்க்கவேண்டும். பெரிதாய்த் தோன்றும் ஒலி பலமுறை தளர்ந்த ஒரு சுரையினாலேயே உண்டாகும். பின்னர் மசகெண்ணெயின் அளவைப் பார்க்கவேண்டும். இயந்திரம் சமதரையில் நிற்கும்போதே இவ்வளவு சரியாகத் தெரியும்.

இவை சரியாயிருப்பின், இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, உலர்ந்த நீண்ட தடியொன்றின் ஒரு நுனியை எஞ்சினிலும் மறு நுனியைக் காதருகேயும் வைத்துக் கேட்கலாம். அடுத்துப் பம்பியின் மேல் வைத்துக் கேட்கவேண்டும். ஒலி மிகுந்து கேட்கும் இடமே நோயுள்ள இடமாகும். சுழலும் பாகங்களுக்கு அருகே தடியோ சாரமோ செல்லலாகாது.

எரிபொருளால் எழும் ஒலி

தகரப்பேணியிற் சிறு கற்களைக் குலுக்கினாற்போன்ற கூரிய ஒலி, பாரம் மிகும்போது எழுந்து, வேகத்தைக் குறைத்ததும் அடங்குமாயின், அது பெரும்பாலும் எரிபொருள் முறைகேடாக எரிவதன் ஒலியாகும். பெற்றோலைவிட மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்கும் ஆற்றல் குறைந்தது. பிளக்கின் பொறியால் ஒழுங்காக எரிந்து பரவுமுன், எஞ்சிய கலவை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் தானே வெடித்தெரிகின்றது. அவ்வதிர்ச்சி பிஸ்ரனைத் தாக்குகின்றது.

குடாநாட்டார் இதனை நன்கறிவர். 1990 ஆம் ஆண்டின் பின்னர், போர்க்காலப் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் கிடைக்காதபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் சிறிதளவு பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்களாதலால் அவை ஓரளவு தாக்குப்பிடித்தன. அதனைக் கண்டு, பெற்றோலுக்கென்றே அமைந்த இக்கால இறைப்பு இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுதல் தகாது.

மண்ணெண்ணெய்க்கென அமைந்த இயந்திரத்தில் ஒலி கேட்குமாயின், பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒலி மறைந்தால் அது எரிதலாலேற்பட்ட ஒலியே. அப்போது வேகத்தைக் குறைத்து, காற்றுத் தகடுகளில் அடைந்துள்ள மண்ணையும் சருகையும் நீக்கவேண்டும். சிலிண்டர்த் தலையிற் படிந்த கரியை அகற்றுவித்து, பொறி விழும் நேரத்தையும் திருத்துநரைக் கொண்டு சரிபார்ப்பிக்கவேண்டும்.

எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுதலும், நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்னர் பெற்றோலுக்கு மீளுதலும் நல்ல வழக்கம். சூடேறாத எஞ்சினில் ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து மசகெண்ணெயுடன் கலக்கும். மசகெண்ணெயின் அளவு கூடியும் மண்ணெண்ணெய் மணத்துடனும் காணப்பட்டால் உடனே மாற்றவேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்த பின்னர், எரிபொருளில் மிச்சம் பிடிக்கும் எண்ணம் மிகுந்தமை இயல்பே. எனினும் எஞ்சினை இழந்து பெறும் மிச்சம் மிச்சமன்று.

எஞ்சினுள் எழும் ஒலிகள்

மேற்பகுதியில், தையல் இயந்திரத்தின் ஒலிபோல் இலேசான 'டிக் டிக்' ஒலி ஒரே சீராகக் கேட்டால், வால்வு இடைவெளி கூடியிருக்கலாம். அன்றைய இறைப்பை முடித்து, எஞ்சின் ஆறிய பின்னர், தயாரிப்பாளரின் கைநூலிற் கூறிய அளவுக்குத் திருத்துவிக்கலாம்.

அடிப்பகுதியிலிருந்து சம்மட்டியால் அடிப்பதுபோன்ற கனத்த ஒலி கேட்பின், இயந்திரத்தை அக்கணமே நிறுத்தவேண்டும். பிஸ்ரனைச் சுழல்தண்டுடன் இணைக்கும் இடம் தேய்ந்துள்ளமைக்கு இது அறிகுறியாகும். மேலும் ஓட்டினால் இணைப்புத் தண்டு முறிந்து எஞ்சினின் உடலையே துளைக்கக்கூடும். இந்நிலையில் முறை தவறினும் அயலாரின் இயந்திரத்தை இரவல் வாங்குவதே இலாபம்.

பம்பியிலிருந்து எழும் ஒலி

எஞ்சின் சீராக ஓட, பம்பியினுள் மட்டும் சரளைக்கல் உருளுவதுபோன்ற ஒலி எழுவதுண்டு. உறிஞ்சுங் குழாயிற் போதிய நீர் வராதபோது, பம்பியினுள் நீராவிக் குமிழிகள் தோன்றி உடைவதே காரணம். இவை நாளடைவிற் பம்பிச் சக்கரத்தை அரித்துவிடும். வெளிக்குழாயின் நீரோட்டத்தைச் சிறிது குறைத்தால் ஒலி தணியுமாயின் ஐயமில்லை.

வடிதட்டிலுள்ள பாசியை நீக்கி, குழாய் மடிந்தும் வெடித்தும் உள்ளதா என்று பார்க்கவேண்டும். காற்றமுக்கம் நீரை ஏற்றக்கூடிய எல்லை ஏறத்தாழ 33 அடி. நடைமுறையில் 20 முதல் 25 அடிக்கு மேல் உறிஞ்சுவது கடினம். இறைக்க இறைக்க நீர்மட்டம் தாழ்ந்து, அதன்பின் இவ்வொலி எழுந்தால், குறை இயந்திரத்திலன்று. கிணறு ஊற்றெடுப்பதிலும் விரைவாக நீர் இறைக்கப்படுகின்றது.

இது அலட்சியஞ் செய்யத்தக்கதன்று. குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியற் கணக்கு. மேல்மட்டம் சிறிது தாழ்ந்து நிலைத்தாலும் உவர்நீர் பன்மடங்கு மேலேறும். தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் கதவுகள் கடல்நீர் நீரேரிக்குட் புகாது தடுக்கின்றன. கிணற்றின் அடியிலிருந்து ஏறும் உவரைத் தடுக்க அத்தகைய கதவு இல்லை. இறைப்பவரின் நிதானமே அதற்குத் தடை.

ஆகவே பம்பி இவ்வாறு ஒலித்தால் நிறுத்தி, ஊற்று ஏறியபின் குறைந்த வேகத்தில் இறைக்கவேண்டும். ஒரே முறையில் முழுத்தோட்டத்துக்கும் பாய்ச்சாது, காலையும் மாலையுமாகப் பகிர்ந்து பாய்ச்சுதல் நன்று. நீரின் சுவையையும் அடிக்கடி அறிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் பழுதானால் பணங்கொண்டு திருத்தலாம். உவரேறிய கிணறு மீள்வதற்கு மாரிகள் பல செல்லும்.