பட்டணத்தில் ஒரு நாள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் இல்லங்கள் பலவற்றில் எழும் பேச்சு ஒன்றே. "இந்த ஆண்டாவது பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துச் சென்று காட்டிவிட வேண்டும்." திருச்சியிலிருந்தோ, தஞ்சையிலிருந்தோ, நெல்லைச் சீமையிலிருந்தோ இரவு வண்டியேறி, விடியலில் எழும்பூரில் இறங்கி, பகல் முழுவதும் சுற்றிவிட்டு, அன்றிரவே வண்டியேறித் திரும்புகின்ற பயணம் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்றதே. விடுதி வாடகை மிச்சமாகும். குடும்பத் தலைவருக்கு ஒருநாள் விடுப்பே போதும். ஆயினும், இவ்வாறு சென்று திரும்பும் குடும்பங்களை இரவு நேரத்தில் எழும்பூர் நடைமேடையில் பார்த்திருக்கிறீர்களா? பிள்ளைகள் அழுது ஓய்ந்திருப்பர். தந்தையின் முகம் கடுத்திருக்கும். பாட்டியாரின் கால்கள் வீங்கியிருக்கும். தாயாரோ எதுவும் பேசாமல் பைகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

காரணம் வெளிப்படையானது. ஒரே நாளில் ஒன்பது இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று புறப்படுகிறோம். எங்கும் கால் மணி நேரத்திற்கு மேல் நிற்பதில்லை. இருந்து உண்ணவும் பொழுதில்லை. ஊருக்குத் திரும்பியபின் "அதையும் பார்த்தோம், இதையும் பார்த்தோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பார்த்தது என்ன என்று எட்டு வயதுப் பிள்ளையைக் கேட்டால், பேருந்தின் சன்னலைத்தான் சொல்லும். குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய நடைக்கு அந்த நாளை அமைக்கவேண்டும் என்பதே என் கருத்து. மூன்று இடங்கள் போதும். இரண்டு வேளை அமர்ந்து உண்ணவேண்டும். அவ்வாறு அமரும்போது இல்லத்தலைவியும் அமரவேண்டும்.

இக்கடைசிச் செய்தியைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பயணம் என்றால் கட்டுச்சோறு என்பது நம் வழக்கம். புளிச்சோறும், எலுமிச்சைச் சோறும், உருளைக்கிழங்கு வறுவலும், வாட்டிய வாழையிலையும் சேர்ந்த மணத்திற்கு ஈடு எதுவும் இல்லைதான். முந்தின நாள் இரவு வண்டியில் உண்பதற்கு அதுவே சிறந்தது. ஆனால் மறுநாள் பகலுக்கும் சேர்த்துச் சமைக்கத் தொடங்கினால் என்ன நேர்கிறது? புறப்படும் நாளில் தாயார் பகல் முழுவதும் அடுப்படியில் நிற்கிறார். பட்டணத்தில் அந்தத் தூக்குப் பாத்திரங்களைச் சுமந்து நடக்கிறார். மரநிழல் ஒன்றைக் கண்டதும் எல்லாருக்கும் பரிமாறி, எஞ்சியதைத் தாம் உண்டு, பாத்திரம் கழுவக் குழாய் தேடிச் செல்கிறார். அருங்காட்சியக வாயிலில் பைகளுக்குக் காவலாக அமர்ந்திருப்பவரும் பெரும்பாலும் அவரே. மற்றவர்கள் நகரத்தைப் பார்க்க, அவர் தம் சமையலறையை அங்கே தூக்கிச் சென்றார் என்பதுதான் உண்மை.

வெளியில் உண்பது வீண்செலவு என்று சொல்லும் தந்தையர் உண்டு. அவர்களது கவலை நியாயமற்றதன்று. ஐந்து பேர் இருவேளை உணவகத்தில் உண்டால் பணம் கரையத்தான் செய்யும். அதை ஈடுகட்ட வழிகளும் இருக்கின்றன. ஒன்பது இடங்களை மூன்றாகக் குறைத்தாலே ஆட்டோக் கட்டணம் பெரிதும் குறைந்துவிடும். மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டணப் பேருந்து எதுவென்று பார்த்து ஏறினால், 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அளவற்ற சாப்பாட்டைச் சிறு பிள்ளைக்கும் தனியே வாங்கி வீணாக்குவதைவிட, அதற்கு ஒரு தட்டு இட்லி வாங்கிக் கொடுப்பதே அறிவுடைமை.

இனி அந்த நாளைப் பார்ப்போம். எழும்பூரில் இறங்கியதும் கனத்த பைகளைப் பூட்டி, நிலையத்திலுள்ள பொருட்காப்பு அறையில் ஒப்படைத்துவிடுங்கள். பையில்லாத தாயாரின் நடையே வேறாக இருக்கும். பக்கத்தில் ஏதேனும் சிற்றுண்டிச் சாலையில் நிதானமாகக் காலை உணவை முடித்துக்கொண்டால், அரசு அருங்காட்சியகம் 9.30 மணிக்குத் திறக்கும்போது வாயிலில் நிற்கலாம். வெள்ளிக்கிழமைகளில் அதற்கு விடுமுறை. தவக்காலத்து வெள்ளியாயின் சுத்தபோசனமும் உண்டு. பட்டணம் பார்க்க வேறு கிழமையைத் தேர்வது இருவகையிலும் நலம்.

1851ஆம் ஆண்டில் தோன்றிய இந்த அருங்காட்சியகத்தைப் பழைய சென்னைவாசிகள் 'செத்த காலேஜ்' என்றழைத்தனர். 'உயிர் காலேஜ்' என்பது விலங்குக் காட்சிசாலை. உயிர் காலேஜும் முதலில் 1855இல் இதே வளாகத்தில்தான் தொடங்கிற்று. பின்னர் மத்திய ரயில் நிலையத்தின் அருகே பூங்காவுக்குச் சென்று, 1985இல் வண்டலூரில் விரிந்த காட்டுப்பரப்பை அடைந்தது. அருங்காட்சியகத்தின் கட்டடங்கள் பல. அனைத்தையும் பார்க்க முயல்வது பாட்டியாருக்குச் செய்யும் கொடுமை. வெண்கலப் படிமக் கூடத்தையும், திமிங்கிலத்தின் எலும்புக்கூடு உள்ள பகுதியையும் மட்டும் பாருங்கள். பிள்ளைகளுக்குத் திமிங்கிலமே போதும். அதன் கீழ் நின்று மேலே பார்த்த பிள்ளை அதை எந்நாளும் மறக்காது. பெரியவர்கள் திருவாலங்காட்டு நடராசர் திருவுருவின் முன் சற்று நேரம் நிற்கலாம். நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் படிமங்களும் அங்கே உள்ளன. சோழர் காலத்தில் நம் கடற்கரைக்கு எத்தனை நாட்டார் வந்து போயினர் என்பதற்கு அவை கண்கண்ட சான்று.

பகலுணவுக்கு மயிலாப்பூருக்கோ திருவல்லிக்கேணிக்கோ சென்றுவிடலாம். இரண்டும் இலைபோட்டுச் சோறிடும் பழைய பேட்டைகள். பன்னிரண்டு மணிக்கே உள்ளே நுழைந்துவிடுங்கள். ஒரு மணிக்குமேல் போனால், உண்டுகொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் எப்போது எழுவார் என்று பார்க்கும் அவலம் நேரும். திருவல்லிக்கேணியின் ரத்னா கஃபேயில் இட்லி மூழ்கும் வரை சாம்பாரை ஊற்றித் தருவார்கள். மறுபடி கேட்டால் மறுபடியும் ஊற்றுவார்கள். இட்லிக்குச் சாம்பாரா, சாம்பாருக்கு இட்லியா என்ற ஐயம் அங்கே எழுவது இயல்பு. புலால் உண்ணும் குடும்பத்தார்க்கு அதே பேட்டையில் பிரியாணிக் கடைகளும் பல. எங்கு உண்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். பரிமாறுகிறவர் வந்து நிற்கும்போது, "முதலில் பிள்ளைகளுக்கு வையுங்கள், எனக்கு அப்புறம்" என்று தாயார் பழக்கத்தால் சொல்வார். அன்று ஒருநாள் தந்தை கடைக்குட்டியைத் தம் பக்கத்தில் அமர்த்தி ஊட்டட்டும். சோறு சூடாக இருக்கும்போதே தாயார் உண்ணட்டும்.

உண்டபின் வெயிலில் அலைவது கூடாது. மயிலாப்பூரின் மேற்கே பிரகாச மாதா ஆலயம் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டு 1516 என்ற ஆண்டைத் தாங்கி நிற்கிறது. கடலில் திசையறியாது தவித்த போர்த்துக்கீசியர் கரையில் ஓர் ஒளியைக் கண்டு, அது வழிகாட்ட வந்து சேர்ந்து எழுப்பிய ஆலயம் என்பது வழிவழி வரும் செய்தி. சிறிய ஆலயம், தடித்த சுவர்கள், வெளியே எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் உள்ளே ஓர் அமைதி. அதன்பின் சாந்தோம். தொலைவில்லை. இப்போதுள்ள உயர்ந்த கோபுரப் பேராலயம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது; 1956இல் பசிலிக்கா என்னும் தகுதி பெற்றது. 1986 பிப்ரவரி 5ஆம் நாள் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் திருத்தந்தை இங்கு வந்து தோமையார் கல்லறையில் செபித்தார். அந்நாளைக் கண்ணால் கண்டவர்கள் நம் பாட்டிமாரிடையே இன்றும் இருக்கக்கூடும், பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். ஞாயிறன்று செல்வோர் வரிசையை மாற்றி, காலைத் திருப்பலியைச் சாந்தோமில் கண்டுவிட்டு, அருங்காட்சியகத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

மாலை ஐந்துக்கு மேல் மெரினா. இந்தக் கடற்கரை ஏன் இத்தனை அகலமாய் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள். ஒரு காலத்தில் அலைகள் சாலைக்கு வெகு அருகே வந்தன. வடக்கே துறைமுகத்திற்காகக் கடலுக்குள் நீண்ட சுவர்களைக் கட்டிய பின், தெற்கிலிருந்து நீரோட்டம் அள்ளிவரும் மணல் அவற்றைத் தாண்டிச் செல்ல இயலாமல் இப்பக்கம் தேங்கிக் கரையை வளர்த்தது. துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம் பக்கம் மணல் வந்து சேராமையால் கடல் கரையை அரித்தது. ஒருவரின் விளையாட்டுத் திடல் மற்றவரின் வீட்டு மனை என்பது அங்குள்ள மீனவ மக்களுக்குத் தெரிந்த செய்தி.

அந்த அகலந்தான் முதியோருக்கு எதிரி. மணலில் கால் புதைய நடக்க இயலாமல், சாலையோரத் திண்ணையில் அமர்ந்து, கடலை ஓசையாகக் கேட்டுவிட்டுத் திரும்பிய பாட்டிமார் எத்தனை பேர்! 2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லத்திற்கு எதிரே, மாற்றுத் திறனாளிகளுக்கென மணல்மீது மரப்பாதை ஒன்று அமைக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் முனையைச் சிதைத்தது, பின்பு செப்பனிட்டார்கள். சக்கர நாற்காலியும் கைத்தடியும் அலைகளின் அருகே செல்லும் வழி அது. முன்பே மூன்று முறை சென்னைக்கு வந்து கடலைத் தொடாத பாட்டியாரை இம்முறை அவ்வழியே அழைத்துச் செல்லுங்கள். ஆனால் எவரும் நீருக்குள் இறங்கிக் குளிக்க வேண்டாம். மெரினாவில் அடிநீரின் இழுப்பு வலியது. நீச்சல் தெரிந்த இளைஞர்களையும் அது விட்டதில்லை.

அந்த விவேகானந்தர் இல்லமும் பார்க்கத்தக்கதே. 1842இல் கட்டப்பட்ட அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி வந்து அங்கே சேமித்து விற்றார்கள். விவேகானந்தர் 1897இல் அங்குத் தங்கினார். கையில் குச்சி ஐஸ் உருகிக்கொண்டிருக்கையில் இக்கதையைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பர்.

மணலில் உண்பதற்குத் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலுக்கு மேலானது எதுவும் எனக்குத் தெரியாது. மிளகாய் பஜ்ஜியும் சுட்ட சோளமும் அடுத்த வரிசை. பொரித்த மீன் வேண்டுவோர் எண்ணெயின் நிறத்தைப் பார்த்துக் கடையைத் தேர்ந்துகொள்ளட்டும். வளர்ந்த பிள்ளைகள் புதுமை கேட்டால், கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே மாலையில் விற்கும் 'அத்தோ'வை வாங்கித் தரலாம். 1960களில் பர்மாவிலிருந்து வெறுங்கையராய்த் திரும்பிய நம் தமிழர் கொண்டுவந்த உணவு அது. சேமியாவைப் போன்று தடித்த இழைகளில் முட்டைக்கோசு, வெங்காயம், புளிநீர், பொரித்த பூண்டு ஆகியவற்றைக் கையால் பிசைந்து கொடுப்பார்கள். உடன் வாழைத்தண்டு சூப் உண்டு. பாட்டியாருக்குப் பிடிக்காது. வற்புறுத்த வேண்டாம்.

எட்டு மணிக்குள் எழும்பூருக்குத் திரும்பிப் பைகளை மீட்டுக்கொள்ளுங்கள். இரவுக்கு இட்லிப் பொட்டலம் போதும். தேங்காய்ச் சட்னி வண்டியில் ஊசிப்போகும், ஆகவே எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியாகக் கேட்டு வாங்குங்கள். வரிசையில் நின்று வாங்கும் வேலையை மூத்த மகன் செய்யட்டும். தாயாரும் பாட்டியாரும் நடைமேடையில் மின்விசிறிக்குக் கீழே ஓர் இருக்கையில் அமர்ந்திருக்கட்டும்.