தானியங்கிக் கியர்ப் பெட்டியும் தருக்க நெறியும்

இன்றைய கார்களில் கியர்ப் பெட்டி பழுதுற்றால், அதனுடன் இணைந்த கணிப்பொறி பழுதின் குறியீட்டைப் பதிவு செய்து வைக்கிறது. பழைய கார்களில் அவ்வசதி இல்லை. கண், காது, மூக்கு ஆகியவையும், இவற்றை வழிநடத்தும் அறிவுமே அங்குக் கருவிகள். அக்கருவிகளைப் பயன்படுத்தும் முறையை விளக்குவதே என் நோக்கம்.

சான்றாக, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1964ஆம் ஆண்டில் அறிமுகம் செய்த டர்போ ஹைட்ராமாட்டிக் 400 என்னும் பெட்டியைக் கொள்வோம். முன்னோக்கிச் செல்ல மூன்று கியர்களை உடையது அது. எஞ்சினால் சுழலும் பம்பு ஒன்று எண்ணெயை அழுத்துகிறது. அவ்வழுத்தமே கிளட்சுத் தட்டுகளை இறுகப் பிணைக்கிறது. அழுத்தம் குறைந்தால் தட்டுகள் நழுவும். எஞ்சின் இரையும், வண்டியோ வேகம் கொள்ளாது.

ஆதலின், முதற்கண் ஆராய வேண்டியது எண்ணெய். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினும் பெட்டியும் நன்கு சூடேறியபின், எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுகோலை எடுத்துப் பார்த்தல் வேண்டும். மட்டம் தாழ்ந்திருப்பின் பம்பு காற்றை உறிஞ்சும். மிகுந்திருப்பினும் தீங்கே, சுழலும் உறுப்புகள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நல்ல எண்ணெய் செந்நிறமானது. அது கறுத்துத் தீய்ந்த நாற்றம் வீசினால், கிளட்சுத் தட்டுகள் கருகியுள்ளன என ஐயுறலாம். பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தால் அதில் நீர் கலந்துவிட்டது. இவ்வெண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள் செல்வதால், அங்கு ஏற்படும் கசிவே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும்.

இனி, சற்றுப் புதிரான ஒரு நிலையை நோக்குவோம். எண்ணெய் மட்டம் நாளும் குறைகிறது. ஆயினும் வண்டியின் அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. புகைக்குழாயில் வெண்புகை எழுகிறது. கியர் காலந்தாழ்த்தி, அதிர்ச்சியுடன் மாறுகிறது. எஞ்சினில் ஒரு பழுது, பெட்டியில் ஒரு பழுது என்று இரண்டாகக் கருதத் தோன்றும். உண்மையில் இவை அனைத்தும் ஒரு சிறு ரப்பர்த் திரையின் கிழிசலால் நேரக்கூடியவை.

எஞ்சினின் பளு மிகும்போது, அதன் உறிஞ்சு குழாயில் வெற்றிடம் குறைகிறது. மாடுலேட்டர் என்னும் சிறு உறுப்பு, ஒரு குழாயின் வழியே இதனை உணர்ந்து, அதற்கேற்பக் கியர் மாறும் வேளையையும் அழுத்தத்தையும் திருத்துகிறது. அதனுள் இருக்கும் திரை கிழிந்தால், பளு எப்போதும் மிகுதியாக உள்ளது போன்ற பொய்ச்செய்தியே பெட்டிக்குக் கிட்டும். எஞ்சினோ அக்கிழிசலின் வழியே எண்ணெயை உறிஞ்சி எரித்துவிடும். மாடுலேட்டரில் பொருந்தும் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அதனுள் சிவந்த எண்ணெய் இருப்பின் ஐயம் தீர்ந்தது. புகையின்றி, கியர் மாற்றம் மட்டும் முரடாக இருந்தால், குழாயில் வெடிப்பு உண்டா என முதலில் நோக்குதல் நன்று. மாடுலேட்டரையும் குழாயையும் பெட்டியைத் திறவாமலே மாற்றிவிடலாம்.

வெளிப்புறச் சோதனைகளில் விடை கிட்டாவிடில், எந்தெந்தக் கியர் பழுதுற்றுள்ளது என வண்டியை ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு கியர்களும் செவ்வனே இயங்க, மூன்றாம் கியரும் பின்னோட்டமும் மட்டும் நழுவுவதாகக் கொள்வோம். இவ்விரண்டிலும் பணிபுரிவதும், முதல் இரண்டு கியர்களில் பணிபுரியாததுமான ஒரு கிளட்சு இப்பெட்டியில் உண்டு. ஐயம் அதன்மேல் விழும். எல்லாக் கியர்களும் ஒருங்கே நழுவினால், அனைத்திற்கும் பொதுவான எண்ணெய் மட்டம், வடிகட்டி, பம்பு ஆகியவற்றையே ஆராய வேண்டும்.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலில் விளக்கிய ஒற்றுமை முறையும் வேற்றுமை முறையும் இங்கே கையில் கரி படிய வேலை செய்கின்றன! விளைவுகள் பலவற்றிற்கும் பொதுவானது யாது? விளைவு தோன்றாவிடத்து இல்லாதது யாது? வகுப்பறையில் பயிலும் இவ்வினாக்களே பட்டறையிலும் பயன்படுகின்றன.

பெட்டியைக் கழற்றிப் பிரிப்பது பெருஞ்செலவு. ஒரு சிறு ரப்பர்த் திரைக்காக முழுப் பெட்டியையும் பிரிப்பவர் உரிமையாளரின் பொருளை வீணாக்குகிறார். கருகிய எண்ணெயைக் கண்டும் வாளாவிருப்பவர் பழுதை வளர்க்கிறார். எளிய சோதனையை முதலிலும், அரிய சோதனையை இறுதியிலும் செய்க. காரணம் தெளிந்த பின்னரே திருகுசாவியைக் கையில் எடுக்க. மாணவ நண்பர்களுக்கு நான் கூற விரும்புவது இதுவே.