தத்துவத்தின் தரம்

காரைக்கால் நகரைச் சார்ந்த கோவில்பத்தில் பார்வதீசுவரர் கோயில் அமைந்துள்ளது. தேவாரம் போற்றும் திருத்தெளிச்சேரி இத்தலமே. ஒரு தத்துவத்தை நல்லது என்றோ குறையுடையது என்றோ எவ்வாறு அறிவது, அதனை முடிவு செய்பவர் யார் என்னும் வினாக்களுக்கு, இத்தலத்தை ஒட்டிப் பெரியபுராணம் கூறும் நிகழ்ச்சி ஒன்று விளக்கம் தருகிறது.

7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் தெளிச்சேரியை வணங்கிய பின், பௌத்தர்கள் வாழ்ந்த போதிமங்கையை அடைந்தார். அடியார்கள் எழுப்பிய சின்னத்தின் ஒலியைக் கேட்ட பௌத்தர்கள், வாதில் வென்ற பின்னரே அதனை ஊத வேண்டும் என்று தடுத்தனர். அவர்களின் தலைவனாகிய புத்தநந்தி இடி விழுந்து இறந்தான் என்கிறார் சேக்கிழார். எனினும் வாதம் அத்துடன் முடியவில்லை. பௌத்தர்கள் சாரிபுத்தனை முன்னிறுத்தி மீண்டும் வந்து, சமயப்பொருள் குறித்து வாதிட அழைத்தனர். இடி ஒருவனை வீழ்த்தலாம். அவன் கொண்ட கருத்தை வீழ்த்தாது. கருத்தை வெல்லக் கருத்தே வேண்டும்.

சம்பந்தரின் சார்பில் சம்பந்த சரணாலயர் வாதிட்டார். ஐந்து கந்தங்களும் அழிந்து முத்தி பெற்றவர் புத்தர் என்றால், அவருக்குச் செய்யும் வழிபாட்டை ஏற்பவர் யார் என்று அவர் வினவினார். உறங்குபவன் ஒருவனுக்குத் தீங்கு செய்தால், அவன் அறியாவிடினும் செய்தவனுக்கு வினைப்பயன் உண்டு. வழிபாடும் அத்தகையதே என்றான் சாரிபுத்தன். உறங்குபவனுக்கு உயிரும் பொறிகளும் உள்ளன, முத்தி பெற்றவருக்கு அவை இல்லையே என்று சரணாலயர் மறுத்தார். எடுத்துக்காட்டு பொருளோடு பொருந்தவில்லை என்பதே இம்மறுப்பின் அடிப்படை.

இத்தகைய பிழைகளை ஆராயும் முறையைப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையே விரிவாகக் கூறுகிறது. அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைகளைக் கற்பிக்கும்போது, பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என வாதக் குற்றங்களை வகுத்துரைக்கிறார். நிறுவ விரும்பும் கூற்றும், அதற்குக் காட்டும் காரணமும், எடுத்துக்காட்டும் குற்றமின்றி அமைதல் வேண்டும். இந்த அளவுகோல் எச்சமயத்தார்க்கும் பொதுவானது.

போதிமங்கை வாதத்தில் சைவர் வென்றதாகப் பெரியபுராணம் முடிக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்நூல் வென்ற தரப்பினரின் நூலாகும். சரணாலயர் எழுப்பிய அதே வினாவைப் பாலி மொழியிலுள்ள மிலிந்த பன்ஹா என்னும் பௌத்த நூலும் எழுப்புகிறது. காற்று ஓய்ந்த பின்னும் மக்கள் தம் முயற்சியால் விசிறி கொண்டு வெம்மையைத் தணித்துக்கொள்கின்றனர். அவ்வாறே வழிபாட்டின் பயன் அதனை ஏற்பவரைச் சார்ந்ததன்று என்று நாகசேனர் அங்கு விடை கூறுகிறார். சாரிபுத்தன் கூறியதாக நாம் படிக்கும் விடையினும் இது வலிமை மிக்கது. இதனையும் அறிந்தவர் அவ்வாதத்தை மீண்டும் எடைபோட முற்படுவர்.

ஆகவே, வெற்றி முழக்கமோ அவையின் ஆரவாரமோ தத்துவத்தின் தரத்தை உறுதி செய்வதில்லை. தன் காரணங்களை வெளிப்படையாக முன்வைத்து, எதிர்த்தரப்பின் மிக வலிமையான விடைக்கும் மறுமொழி கூறவல்லதே நல்ல தத்துவம். மறுப்புக்கு இடந்தராதது குறையுடையது. அதன் தீர்ப்பு ஒரு நாளில் ஓர் அவையில் முடிந்துவிடுவதன்று. இரு தரப்பையும் நடுவுநிலையோடு ஆராயும் ஒவ்வொரு தலைமுறையும் அத்தீர்ப்பைப் புதிதாக வழங்குகிறது.