தாழைக்கோழி எங்கே போயிற்று?

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நீலத் தாழைக்கோழிகளைக் காணலாம். ஊதா கலந்த நீல உடல், சிவந்த அலகு, நீண்ட சிவந்த கால்கள். பச்சைக் கோரையின் நடுவே நிற்கும் தாழைக்கோழி ஒன்றை நீங்கள் கைப்பேசியில் வண்ணப் படம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். பிறகு அதைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுகிறீர்கள். என்ன வியப்பு! பறவை கோரைக்குள் மறைந்து போகிறது. ஏன்?

மூன்று எண்கள் ஒன்றாகும் விதம்

கைப்பேசிப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொன்றும் எவ்வளவு என்பதை அவை 0 முதல் 255 வரை குறிக்கின்றன. மூன்று நிறங்களைச் சேர்த்து வண்ணப் படம் ஆக்கலாம் என்பதை மாக்ஸ்வெல் என்ற இயற்பியல் அறிஞர் 1861-ல் இலண்டனில் செய்து காட்டினார்.

கறுப்பு-வெள்ளைப் படத்தில் புள்ளிக்கு ஒரே எண்தான். மூன்றை ஒன்றாக்குவது எப்படி? நம் கண் பச்சை ஒளியையே மிகுதியாக உணர்கிறது. நீலத்தைக் குறைவாக உணர்கிறது. ஆகவே பெரிதும் பயன்படும் கணக்கு இது:

சாம்பல் = 0.30 × சிவப்பு + 0.59 × பச்சை + 0.11 × நீலம்

1982-ல் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது, வீடுகளில் இருந்த கறுப்பு-வெள்ளைப் பெட்டிகளிலும் அதே நிகழ்ச்சிகள் தெரிந்தன அல்லவா? அதற்கு உதவியதும் இந்தக் கணக்கே.

இனி நம் படத்துக்கு வருவோம். எடுத்துக்காட்டாகச் சில எண்களை வைத்துக்கொள்வோம்.

பறவையின் உடல்: சிவப்பு 60, பச்சை 90, நீலம் 170. விடை 90.
கோரை: சிவப்பு 80, பச்சை 104, நீலம் 40. விடை 90.
அலகு: சிவப்பு 200, பச்சை 40, நீலம் 40. விடை 88.

பார்த்தீர்களா? கண்ணுக்கு முற்றிலும் வேறான மூன்று நிறங்கள் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிட்டன. பறவை மறைந்த மர்மம் இதுதான்.

பங்கை மாற்றினால் படம் மாறும்

சிவப்பு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் அலகு 200, உடல் 60, அலகு பளிச்சிடும். நீலத்தை மட்டும் எடுத்தால் உடல் 170, கோரை 40. பறவை வெளிறி, கோரை கருத்து நிற்கும். படச்சுருள் காலத்தில் இதற்காகவே கேமராவின் முன் மஞ்சள், சிவப்பு வடிகட்டிகளைப் பொருத்தினார்கள். இன்று படம் எடுத்த பின்பும் இதைச் செய்யலாம். ஒரே காட்சிக்குப் பல கறுப்பு-வெள்ளைப் படங்கள் உண்டு!

எதைத் தேர்ந்தெடுப்பது?

விடியற்காலையில் வெளிர்ந்த வானத்தின் முன் நிழலுருவாய் நிற்கும் கொக்கு, நீரில் விழும் அதன் பிம்பம், இறகின் நுண்ணிய வரிகள் ஆகியவற்றில் செய்தி ஒளியிலும் வடிவிலும் இருக்கிறது. கறுப்பு-வெள்ளை அதைத் தெளிவாக்கும்.

ஆனால் சின்னக் கொக்கின் கால்கள் கறுப்பு, பாதங்கள் மஞ்சள். அந்த மஞ்சள்தான் அதன் அடையாளம். பூநாரையின் இளஞ்சிவப்பு, அது உண்ணும் இரையிலுள்ள நிறமிகளால் வந்தது. இங்கே செய்தியே நிறம்தான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இந்தச் சதுப்பின் ஒரு பகுதியில்தான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் அமைந்தது. கழிவு கலந்த நீரில் பச்சைப் பாசி படர்ந்தால், வண்ணப் படம் அதைக் காட்டிக்கொடுக்கும். கறுப்பு-வெள்ளையிலோ அது அமைதியான அழகிய நீர்ப்பரப்பாகத் தோன்றக்கூடும். படம் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையில் ஒரு பகுதியை விட்டுவிட்டது. ஓர் இடத்தின் நிலையைப் பதிவு செய்வதே நோக்கமானால் நிறத்தை நீக்காதீர்கள்.

மூன்று எண்களிலிருந்து ஒன்றைப் பெறலாம். அந்த ஒன்றிலிருந்து பழைய மூன்றையும் மீட்க முடியாது. 90 என்பது பறவையா, கோரையா என்று யாரால் சொல்ல முடியும்? எனவே மூல வண்ணப் படத்தை எப்போதும் தனியே சேமித்து வையுங்கள்.

செய்து பாருங்கள்

சிவப்புக் கண்ணாடித்தாள் வழியே ஒரு செம்பருத்திப் பூவையும் அதன் இலையையும் பாருங்கள். அடுத்துப் பச்சைத் தாள் வழியே பாருங்கள். எதில் பூ வெளிறுகிறது? எதில் கருக்கிறது? காரணத்தை மேலே உள்ள கணக்கைக் கொண்டு நீங்களே கண்டுபிடியுங்கள்.