கோடையில் குடித்தனம்

"வெளிநாட்டுப் பறவையெல்லாம் போயிருச்சே, இன்னும் பைனாகுலரைத் தூக்கிட்டு எங்கீங்க போறீங்க?" சித்திரை பிறந்தால் என்னைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி இது.

கோவையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காலை ஒன்பதுக்கு ஷட்டரைத் தூக்கியாக வேண்டும். அதற்குள் சூலூர் குளத்தோரம் ஒரு நடை போய்விட்டு வந்துவிடுவேன். ஊசிவால் வாத்தும் சாம்பல் வாலாட்டியும் வடக்கே கிளம்பியதும் பெரிய கேமராக்காரர்களும் காணாமல் போவார்கள். எனக்கோ அதன்பிறகுதான் சுவாரசியம். கூடு, முட்டை, குஞ்சு, எல்லைச் சண்டை என்று உள்ளூர்ப் பறவைகள் பலவற்றின் குடித்தனம் நடப்பது கோடையில்தான்.

சிவப்பு மூக்கு ஆள்காட்டியைப் பாருங்கள். வெட்டவெளியில், கற்களுக்கு நடுவே சின்னக் குழி. அதுதான் கூடு. பெரும்பாலும் நான்கு முட்டை. மண் நிறத்தில் கரும்புள்ளி போட்டிருப்பதால் காலடியில் கிடந்தாலும் தெரியாது. மேலே ஓர் இலை நிழல்கூட இல்லை. உச்சி வெயிலில் ஆணும் பெண்ணும் முறை வைத்து முட்டையின்மேல் நிற்பது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. முறை மாற்ற வரும் பறவை சிலநேரம் தண்ணீரில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொள்ளும். பிறகு சொட்டச் சொட்ட நடந்து வந்து, இறகைச் சிலிர்த்தபடி முட்டையின்மேல் மெல்ல அமரும். குளத்துத் தண்ணீர் முட்டைக்கு வந்து சேர்வது இப்படித்தான்.

பறவை பார்க்கும் நாங்கள் சிலர் வாட்ஸ்அப்பில் தகவல் பரிமாறிக்கொள்வோம். அதில் மின்கம்பம் ஏறும் தம்பி ஒருவர் உண்டு. காக்கை கம்பியைப் பொறுக்கிக் கம்பத்தில் கூடு கட்டுவது அவருடைய வேலைக்குத் தொல்லை. ஆனால் குயில் செய்தி அவரிடமிருந்துதான் முதலில் வரும். "அண்ணா, காக்கா ஊட்டுற குஞ்சுக்கு வால் நீளமா இருக்குதுங்க" என்றார் ஒருமுறை. காக்கைக் கூட்டில் குயில் இடும் முட்டை காக்கை முட்டைக்கு முன்பே பொரிந்துவிடும். காக்கைக் குஞ்சுகளைப் பெரும்பாலும் அது வெளியே தள்ளுவதில்லை, சேர்ந்தே வளரும்.

பார்த்த பறவைகளைக் குறித்து வைக்கும்போது, காக்கையை எழுதி என்ன ஆகப்போகிறது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். 2023இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை 942 வகைகளை ஆராய்ந்தது. அதற்கு ஆதாரம் 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகள். பல பறவைகள் குறைந்துவருகின்றன, குயில் பெருகியிருக்கிறது என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவந்தது. அபூர்வப் பறவையை மட்டும் எழுதியிருந்தால் இது கிடைத்திருக்காது.

ஒரே ஒரு விஷயத்தில் நான் கறார். கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் போடக்கூடாது. போட்டால் மறுநாளே கூட்டம் சேரும். ஆள் பக்கத்தில் நின்றால் ஆள்காட்டி கத்திக்கொண்டு தலைக்குமேல் சுற்றும். அத்தனை நேரமும் முட்டை வெயிலில் கிடந்து வேகும். பறவை, நாள், நேரம், எண்ணிக்கை, என்ன செய்தது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். கூட்டுக்கு வழி மட்டும் சொல்லாதீர்கள்.